ராமேஸ்வரம் சீசன் வேலை: கடல் காலண்டரும் கோயில் காலண்டரும்

பாம்பன் கரை:
ராமேஸ்வரம், பாம்பன், மண்டபம் பக்கம் சுற்றுலாவை நம்பி வேலை தேடுகிற பிள்ளைகள் முதலில் கேட்பது, "எப்ப வந்தா வேலை கிடைக்கும், எத்தனை நாள் நிக்கும்?" விவரம் தெரிந்தவர்கள் இங்கே எழுதுங்கள். சொந்தக் கதை, சோகக் கதை வேண்டாம். வேலை என்ன, கணக்கு என்ன, எங்கே சறுக்கும், அது போதும்.

நானே ஆரம்பித்து வைக்கிறேன். இந்தக் கரையில் இரண்டு காலண்டர் ஓடுகிறது. கோயில் காலண்டரில் கார்த்திகை 1 முதல் தை வரை ஐயப்ப பக்தர்கள், பிறகு தை அமாவாசை, சிவராத்திரி, கோடை விடுமுறை, ஆடி அமாவாசை, மகாளய அமாவாசை. கடல் காலண்டரில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுத் தடை, ஐப்பசி பிறந்தால் வாடைக் காற்றும் புயல் கூண்டும். வம்பு எங்கே என்றால், கோடைக் கூட்டமும் தடைக்காலமும் ஒன்றாக வந்து விழுகின்றன. லாட்ஜுக்கு ஆள் தேவைப்படுகிற அதே மே மாதத்தில் படகு ஆட்களும் கரையில் சும்மா இருக்கிறார்கள். ஊரே நிரம்பி வழிந்தாலும் கூலி ஏறுவதில்லை. வெளியூரிலிருந்து வருகிறவர் மே மாதத்தைக் குறிவைப்பதைவிடக் கார்த்திகையைக் குறிவைப்பது மேல்.

லாட்ஜ் கவுண்டர்:
கூட்டத்தை வைத்து வேலையைக் கணக்குப் போடாதீர்கள். விடியற்காலை வந்து இறங்கி, அக்னி தீர்த்தத்தில் முங்கி, கோயிலுக்குள் 22 தீர்த்தமாடி, தனுஷ்கோடி பார்த்துவிட்டு அன்று இரவே கிளம்புகிற யாத்ரீகர்கள்தான் அதிகம். அவர்கள் அறை எடுப்பது நான்கைந்து மணி நேரத்துக்கு, குளித்து உடை மாற்ற. ஆகவே ஒரே அறையை ஒரே நாளில் இரண்டு முறை சுத்தம் செய்ய வேண்டிவரும். முதலாளி கணக்கில் அது ஓர் அறைதான். சேரும்போதே "அறைக் கணக்கா, நாள் கணக்கா" என்று கேட்டுவிடுங்கள்.

நேரமும் மற்ற ஊர் மாதிரி இல்லை. ஸ்படிக லிங்க தரிசனம் காலை 5 மணிக்கு. அதற்குமுன் வருகிறவர்களுக்காக 3 மணிக்கே கவுண்டர் முழித்திருக்க வேண்டும். பிறகு 9 மணியிலிருந்து 12 வரை அறைப் பையன்களுக்கு மூச்சுவிட நேரமிருக்காது.

புதியவர்கள் செய்கிற முதல் தப்பு, குளியலறைத் தரையில் எடுத்தவுடன் தண்ணீரை ஊற்றுவது. யாத்ரீகர் ஈரத்துணியோடு கொண்டுவந்த கடல் மணல் நேராகத் தரை ஜல்லடைக்குள் போய் அடைத்துக்கொள்ளும். மதியத்துக்குள் தண்ணீர் தேங்கி நிற்கும். முதலில் ஈரமாப்பால் மணலை அள்ளி வாளியில் போட வேண்டும், ஜல்லடையைக் கழற்றி உள்கப்பைத் தட்ட வேண்டும், பிறகுதான் தண்ணீர். இரண்டாவது, மெத்தை. ஈர வேட்டியோடு உட்கார்ந்துவிடுவார்கள். விரிப்பை மட்டும் மாற்றினால் மறுநாள் அறையே புழுங்கல் வாடை அடிக்கும். சீசனில் மெத்தைக்குமேல் ரெக்சின் உறை போடாத லாட்ஜில் வேலைக்குச் சேர்ந்தால் திட்டு வாங்கியே காலம் போகும்.

சம்பளம் பேசும்போது நான்கு கேள்வி: சாப்பாடு உண்டா, தங்க இடம் உண்டா, வார விடுமுறைக்குச் சம்பளம் உண்டா, கணக்கு முடிக்கிற தேதி எது? சீசன் நடுவில் ஓடிவிடக் கூடாதென்று முதல் மாதச் சம்பளத்தில் பாதியைப் பிடித்து வைக்கிற வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. தை முடிந்து ஆளைக் குறைக்கும்போது அந்தப் பாதியைக் கேட்டு நடையாய் நடக்க வேண்டிவரும். பேசியதை வாட்ஸ்அப்பில் ஒரு வரி அனுப்பி "சரி" என்று பதில் வாங்கி வைத்துக்கொண்டால் நல்லது.

மூணு சக்கரம்:
ஆட்டோ வாங்கலாமான்னு கேக்குற தம்பிகளுக்கு ஒண்ணு. பழைய பாம்பன் பாலத்துல 2022 டிசம்பர்ல ரயில் நின்னுச்சு. புதுப் பாலம் திறந்தது 2025 ஏப்ரல் 6. நடுவுல ரெண்டு வருசத்துக்கு மேல வண்டியெல்லாம் மண்டபத்தோட சரி. மண்டபம் ஸ்டாண்டுல சவாரி கொட்டுச்சு, ராமேஸ்வரம் ஸ்டேஷன் வாசல் காத்தாடுச்சு. பாலம் திறந்த மறுநாளே அது தலைகீழ். ரயில் நிக்கிற இடத்தை நம்பி மூணு நாலு வருச லோன் போட்டா, ரயில் நகர்ந்துரும், தவணை நகராது.

இதே கதைதான் தனுஷ்கோடியிலயும். முகுந்தராயர் சத்திரத்துலேருந்து மணல்ல வேன் ஓட்டுறது ஒரு தனித் தொழிலா இருந்துச்சு. டயர்ல காத்தைக் குறைச்சு, தடம் பாத்து, தண்ணி ஏறுற நேரம் பாத்து ஓட்டணும். 2017-ல அரிச்சல்முனை வரைக்கும் 9.5 கிலோமீட்டர் தார் ரோடு வந்ததும் அந்தக் கைப்பழக்கத்துக்கு மதிப்பே இல்லாம போச்சு. இப்போ வெளியூர் கார் நேரா முனைக்கே போகுது. ஆட்டோவுக்கு மிச்சம், ரயில்லயும் பஸ்லயும் வர்றவங்க மட்டும்தான். சாயங்காலம் தனுஷ்கோடிய அடைச்சிருவாங்க, அதனால மதியம் 3 மணிக்கு மேல அந்தப் பக்கம் நீண்ட சவாரி எடுக்காதீங்க.

அமாவாசை அன்னிக்கு அள்ளலாம்னு நெனப்பாங்க. தடுப்பு வச்சு ரத வீதிக்கு வெளியிலயே நிறுத்திட்டா சவாரி குட்டையாயிரும், நெரிசல்ல கேஸ்தான் எரியும். சனி ஞாயிறு அதைவிடத் தேவலை.

முனைக்குப் போயிட்டு வந்தா அன்னிக்கு ராத்திரியே அடிப்பாகத்தை நல்ல தண்ணியில அடிச்சுக் கழுவணும். உப்பும் மணலும் சேர்ந்து ஃப்ளோர் தகட்டைத்தான் முதல்ல தின்னும், அடுத்து பிரேக் கேபிள். பேட்டரி முனையில வாஸ்லின் தடவுங்க. எஃப்சிக்கு (வண்டித் தகுதிச் சான்றுக்கு) போறப்ப வெல்டிங் செலவு மிச்சம்.

சந்தா கணக்கு:
யாரும் தொடாத பக்கத்தை நான் எடுத்துக்கொள்கிறேன். சீசன் ஆட்களுக்கு முக்கியமான எண் 78.

பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை செய்கிற இடத்தில், மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவருக்கு இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) உண்டு. தொழிலாளி பங்கு 0.75 சதவீதம், முதலாளி பங்கு 3.25 சதவீதம். 12,000 சம்பளத்தில் உங்களிடம் பிடிப்பது 90 ரூபாய், அவர் கட்டுவது 390. இந்த 390-க்குப் பயந்து பதிவேட்டில் ஒன்பது பேரை மட்டும் எழுதுகிறவர்கள் உண்டு.

நோயில் படுத்தால் சம்பளத்தில் 70 சதவீதம், ஆண்டுக்கு 91 நாள் வரை கிடைக்கும். அதற்கு, ஏற்கெனவே இன்சூரன்ஸ் எண் உள்ளவருக்கு ஒரு பங்களிப்புக் காலத்தில் 78 நாள் சந்தா விழுந்திருக்க வேண்டும். பங்களிப்புக் காலம் இரண்டு: ஏப்ரல் முதல் செப்டம்பர், அக்டோபர் முதல் மார்ச். முதலாவதின் பலன் அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை, இரண்டாவதின் பலன் ஜூலை முதல் டிசம்பர் வரை.

இப்போது சீசனை இதில் பொருத்திப் பாருங்கள். நவம்பர் 15-ல் சேர்ந்து ஜனவரி 31-ல் நின்றால் 16 + 31 + 31 = 78. மயிரிழை. கார்த்திகை முதல் தேதி நவம்பர் 16 அல்லது 17-ல் வரும். அன்று சேர்ந்தால் 77 அல்லது 76, கதை முடிந்தது. சம்பளமில்லாத விடுப்பு ஒரு நாள் எடுத்தாலும் அப்படியே. கோடையில் இன்னும் மோசம்: தடைக்காலத்தில் மட்டும் வேலைக்கு வருகிறவருக்கு 61 நாள்தான், 17 குறைகிறது. அந்தப் 17-ஐ ஆடி அமாவாசையை ஒட்டி இரண்டரை வாரம் பார்த்துச் சேர்க்கலாம். குளிர்காலக் குறையை சிவராத்திரி வாரத்தில் சேர்க்கலாம். அதே முதலாளியிடம் என்று கட்டாயமில்லை. இன்சூரன்ஸ் எண் ஒன்றாக இருந்தால் நாள்கள் கூடிக்கொள்ளும். புது இடத்தில் "பழைய எண் இருக்கிறது" என்று சொல்லாமல் புது எண் போட்டுக்கொள்வதுதான் எல்லாரும் செய்கிற தவறு.

பி.எஃப்.பிலும் (இருபது பேர் உள்ள இடம்) அதே நோய். சீசனுக்கு ஒரு யூ.ஏ.என். (பி.எஃப். பொது எண்) என்று மூன்று நான்கு வைத்திருப்பார்கள். பணம் எடுக்கப் போனால் "வெளியேறிய தேதி இல்லை" என்று நிற்கும். பழைய முதலாளி போடவில்லையென்றால், கடைசிச் சந்தா விழுந்து இரண்டு மாதம் கழித்து, உறுப்பினர் தளத்தில் ஆதார் ஓ.டி.பி. வைத்து நீங்களே போடலாம். இன்னொன்று இனிஷியல். ஆதாரில் அப்பா பெயர் விரிவாக, பி.எஃப்.பில் ஒற்றை எழுத்து என்றிருந்தால் அதுவும் முட்டும். சேருகிற அன்றே ஆதாரில் உள்ளபடி எழுதச் சொல்லுங்கள்.

தங்கச்சிமடம் வலை:
பாம்பன் கரை அண்ணே, தடைக்காலத்தில் படகு ஆட்கள் கரையில் சும்மா இருக்கிறார்கள் என்பது பாதிதான் சரி. கேரளாவில் டிராலிங் (இழுவலை) தடை ஜூன் 9 நள்ளிரவில்தான் தொடங்கும். ஏப்ரல் 15-லிருந்து அதுவரை கொல்லம், முனம்பம் பக்கம் படகேறுகிறவர்கள் நிறைய. மிச்ச ஆட்களில் கொஞ்சம் பேர் படகைக் கரையேற்றிப் பழுதுபார்க்கும் வேலையில். லாட்ஜுக்கும் ஓட்டலுக்கும் வருவது அதற்கும் மிஞ்சியவர்கள், பெரும்பாலும் இளவட்டம்.

அதைவிடப் பெரிய விஷயம், இங்கே விசைப்படகுக்கு வருடம் முழுக்கவே வாரத்தில் மூன்று நாள்தான்: திங்கள், புதன், சனி. மற்ற நாள் நாட்டுப்படகுக்கு. காற்று எச்சரிக்கை வந்தால் கடலுக்குப் போக டோக்கன் கிடைக்காது. ஸ்டிரைக் என்றால் அதுவும் போச்சு. ஆக, வாரத்தில் நாலு நாள் கை சும்மா இருக்கிற ஆளை எந்த ஓட்டல்காரர் நிரந்தரமாக வைப்பார்?

நிவாரணக் கணக்கு: தடைக்காலத்துக்குக் குடும்பத்துக்கு 8,000 ரூபாய். மீன்பாடு குறைந்த காலத்துக்கு 6,000. சேமிப்பு நிவாரணத் திட்டத்தில் நீங்கள் 1,500 கட்டினால் அரசு 3,000 சேர்த்து 4,500 தரும். ஆவணம் சரியாக இருக்கட்டும். ரேஷன் கார்டில் குடும்பத்தைப் பிரித்துவிட்டு வங்கிக் கணக்கை மாற்றாமல் இருந்தால் பணம் எங்கேயோ போய் நிற்கும்.

மீன்பிடிப் படகில் சுற்றுலாப் பயணியை ஏற்றாதீர்கள். படகின் பதிவு மீன்பிடிக்கு. ஏதாவது ஒன்று ஆனால் இன்சூரன்சும் இல்லை, படகும் போகும். படகு ஓட்டத் தெரிந்தவர்களுக்குச் சரியான வழி, காரங்காடு அலையாத்திக் காட்டில் வனத்துறை ஊர்மக்களை வைத்து நடத்துகிற சுற்றுலா மாதிரியான ஏற்பாடுகள்தான்.

உப்புக்காத்து:
எல்லாரும் சீசன் வேலையைப் பற்றியே பேசுகிறீர்கள். ஆஃப் சீசனில் ஆள் தேடுகிற தொழிலும் இந்த ஊரில் இருக்கிறது. ஏசி, பிளம்பிங், பெயின்ட். அறை காலியாக இருக்கும்போதுதான் லாட்ஜ்காரர் இதையெல்லாம் செய்வார்.

கடலோரத்தில் ஏசியின் வெளி யூனிட் மதுரையில் இருக்கிற மாதிரி இருக்காது. அலுமினிய ஃபின் (மெல்லிய தகடு) வெள்ளை மாவாக உதிரும். யு-பெண்ட் (வளைகுழாய்) பற்றவைப்பில் பச்சை பூத்து கேஸ் கசியும். சுவர் ஸ்டாண்டின் போல்ட் துருப்பிடித்து யூனிட்டே கீழே வந்துவிடும். மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் கழுவுவதே கெடுதல். இங்கே நடக்கிற பெரிய அநியாயம், கசிவைப் பார்க்காமல் கேஸ் மட்டும் ஏற்றிவிட்டுப் போவது. இரண்டு மாதத்தில் மறுபடி கூப்பிடுவார்கள், மூன்றாவது முறை வேறு ஆளைக் கூப்பிடுவார்கள். நைட்ரஜன் ஏற்றி, சோப்பு நுரை வைத்துக் கசிவைப் பார்த்து, பற்றவைத்து, வேக்குவம் அரை மணி நேரம் போட்டு, பிறகு எடை பார்த்து கேஸ் ஏற்ற வேண்டும். ஏசியில் ஏற்றுகிற ஆர்-32 தீப்பிடிக்கிற வாயு. லைன் காலியாகாமல் பற்றவைக்கிற டார்ச்சை வைக்காதீர்கள்.

ஐ.டி.ஐ.யில் ஏசி மெக்கானிக் இரண்டு வருடப் படிப்பு. ஓட்டல் மேனேஜ்மென்ட் படித்துவிட்டு மூன்று மாதச் சீசனுக்குக் காத்திருக்கிற பிள்ளைகளைப் பார்த்தால் எனக்கு இதைத்தான் சொல்லத் தோன்றுகிறது.

பாசி அக்கா:
பெண்களுக்கு ஒரு வரி. கடல்பாசி மிதவை 12-க்கு 12 அடி மூங்கில், விதைப்பாசி 60 கிலோ, 45 நாளில் அறுவடை. லாட்ஜ் வேலையோடு சேர்த்துப் பார்க்கலாம், ஆனால் காற்றைப் பார்த்துக் கட்டுங்கள். வாடைக் காற்றில் வடகடல் கொந்தளிக்கும், கச்சான் (தென்மேற்கு) காற்றில் தென்கடல். ஐப்பசியில் வடகடலில் மிதவை போட்டால் மூங்கில்கூட மிஞ்சாது.

சங்குக் கடை:
கடை வேலைக்குச் சேருகிற பிள்ளைகள் சரக்கைப் பார்த்துச் சேருங்கள். பவளத் துண்டு, கடல் குதிரை, கடல் அட்டை மூன்றும் வனவிலங்குச் சட்டத்தில் பாதுகாக்கப்பட்டவை. சோதனை வரும்போது கல்லாவில் நிற்கிறவர்தான் முதலில் மாட்டுவார்.

புதுப் பையன்:
அண்ணே, ஆஃப் சீசனை நூறு நாள் வேலையில ஓட்டிரலாமா? ராமேஸ்வரத்துலதான் வீடு.

பாம்பன் கரை:
முடியாது தம்பி. அது ஊராட்சிக்குத்தான். பாம்பன், தங்கச்சிமடம் ஊராட்சி, ராமேஸ்வரம் நகராட்சி. வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவு இருக்கிறதா? அது ஐந்து வருடம் உயிரோடு இருந்தால், குடும்ப வருமானம் வருடத்துக்கு 72,000-க்குள் இருந்தால் உதவித்தொகை உண்டு. பத்தாவது தேறியவருக்கு மாதம் 300, பிளஸ் டூவுக்கு 400, டிகிரிக்கு 600, மூன்று வருடத்துக்கு. டீச் செலவுக்குத்தான் ஆகும்.

புதுப் பையன்:
2021-ல பதிஞ்சது. அதுக்கப்புறம் பாக்கவே இல்லை.

பாம்பன் கரை:
மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும், தம்பி. உன்னுடையது 2024-லேயே போயிருக்கும். திங்கட்கிழமை ராமநாதபுரம் அலுவலகத்துக்கு அட்டையோடும் மதிப்பெண் சான்றிதழோடும் போய், பழைய மூப்பை மீட்க முடியுமா என்று கேட்டுவிட்டு இங்கே வந்து எழுது.