நடைபாதையில் நிற்கும் வண்டிகளுக்கு அபராதம்: யாரிடமிருந்து தொடங்குவது?

மயிலைவாசி:
எங்கள் மயிலாப்பூர் தெருவில் ஒரு மாதமாகப் போக்குவரத்துக் காவலர்கள் நடைபாதையில் நிற்கும் வண்டிகளைப் படமெடுத்து அபராதம் விதித்து வருகிறார்கள். இது இடைவிடாமல் தொடர வேண்டும். பார்வை மங்கிய என் தாயார் வீட்டிலிருந்து கோயில் குளம் வரை செல்வதற்குள் நான்கைந்து முறை நடைபாதையை விட்டிறங்கி, பின்னால் வரும் பேருந்தை உணர முடியாத நிலையில் சாலையோரமாக நடக்க வேண்டியிருக்கிறது. நடைபாதையைப் பயன்படுத்தும் உரிமை, அரசமைப்புச் சட்டத்தின் 21ஆம் பிரிவு காக்கும் வாழ்வுரிமையில் அடங்கும் என்று 2025 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் கூறியது. அந்த வழக்கை 2012இல் தொடுத்தவர் கோயம்புத்தூரைச் சேர்ந்த எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன். முறிந்த எலும்புகளை நாள்தோறும் பார்ப்பவர் ஒருவர்தாம் நீதிமன்றத்துக்குப் போக வேண்டியிருந்தது என்பதை நினைத்தால் மனம் கனக்கிறது.

மளிகைக் கடைக்காரர்:
ஐயா, தங்கள் தாயாரின் சிரமத்தை நான் மறுக்கவில்லை. என் கடை பத்தடிக்குப் பன்னிரண்டடி. முந்நூறு ரூபாய்க்குச் சாமான் வாங்க ஐந்து நிமிடம் வண்டியை நிறுத்துபவர், 500 ரூபாய் அபராதம் கட்டிய பின் மறுபடி என் கடைக்கு வருவதில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி அடுத்த முறை 1,500 ரூபாய் வரை விதிக்கலாம். அதே தெருவில், வரைபடத்தில் தரைத்தளம் முழுவதையும் வண்டி நிறுத்தமாகக் காட்டி அனுமதி பெற்றுவிட்டு, பிறகு அதைக் கடைகளாக்கி வாடகைக்கு விட்ட கட்டடம் ஒன்று இருக்கிறது. அங்கே வேலை செய்பவர்களின் வண்டிகள் காலை முதல் இரவு வரை நடைபாதையில்தான் நிற்கின்றன. அபராதச் சீட்டு அந்த ஊழியர்களின் பெயருக்குப் போகிறதே தவிர, அந்தக் கட்டட உரிமையாளரை யாரும் ஒரு கேள்வி கேட்டதில்லை.

மயிலைவாசி:
உரிமையாளரைக் கேட்க வேண்டும் என்பதில் நானும் உங்களோடு உடன்படுகிறேன். ஆனால் அதுவரை அபராதத்தை நிறுத்தச் சொல்வதை ஏற்க முடியாது. கட்டட விதிமீறல் மாநகராட்சியின் பொறுப்பு. வண்டிக்கு அபராதம் விதிப்பது காவலரின் வேலை. ஒருவர் கடமையைச் செய்யும்வரை மற்றவர் காத்திருந்தால், நடப்பவர் காலமெல்லாம் சாலையில்தான் நடக்க வேண்டியிருக்கும். ஐந்து நிமிடம் என்கிறீர்கள். அடுத்தடுத்து வருகிற இருபது பேரின் ஐந்து நிமிடங்கள் சேர்ந்தால், நடப்பவருக்கு அந்த இடம் ஒன்றரை மணி நேரத்துக்கும் மேலாக அடைபட்டதுதான். அபராதத்தோடு நடைபாதையின் விளிம்பு நெடுகத் தடுப்புக் கம்பங்களையும் நட்டால், காவலர் வராத நாளிலும் வண்டி ஏறாது.

சக்கர நாற்காலியில் செல்பவள்:
கம்பங்கள் என்றதும் எனக்கு அச்சமாக இருக்கிறது. வண்டிகளைத் தடுப்பதற்காக நெருக்கமாக நடப்பட்ட கம்பங்களுக்கு நடுவே என் நாற்காலி நுழையாமல், சரிவுப்பாதையின் முன்னாலேயே திரும்பிய நாள்கள் பல. வண்டி நின்றால் அதன் உரிமையாளர் வரும்வரை காத்திருக்கலாம், கம்பம் நகராது. ஆகவே கம்பம் நடுமுன் நாற்காலி நுழையும் இடைவெளியை அளந்து பார்க்க எங்களில் ஒருவரை அழையுங்கள். அபராதத்தைப் பொறுத்தவரை, நான் மயிலைவாசி அவர்களின் பக்கம்தான்.

மளிகைக் கடைக்காரர்:
அம்மா, தாங்கள் சொன்னது எனக்குத் தோன்றாத செய்தி. அபராதமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நாள் முழுவதும் நிற்கும் வண்டியிலிருந்து அது தொடங்க வேண்டும் என்கிறேன். பாண்டி பஜாரில் 2019இல் நடைபாதையை அகலமாக்கியபோது, அருகிலேயே அடுக்குமாடி வாகன நிறுத்தமும் திட்டத்தில் இருந்தது. எங்கள் தெருவில் ஒரு சைக்கிளை நிறுத்தக்கூட இடம் ஒதுக்காமல் அபராதப் புத்தகம் மட்டும் வந்திருக்கிறது. அந்தக் கட்டடத்தின் அனுமதி வரைபடத்தைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் மாநகராட்சியிடம் கேட்க இன்று மனு எழுதுகிறேன். மயிலைவாசி ஐயா அதில் தாமும் கையொப்பமிடுவாரா?

மயிலைவாசி:
இடுகிறேன். ஆனால் உங்கள் கடை வாசலில் வண்டி நின்றால் படமெடுப்பதையும் நிறுத்த மாட்டேன்.