2001: ஸ்பேஸ் ஒடிஸி பார்த்தவர்களே, எந்தக் காட்சி உங்களை இன்னும் விடவில்லை?

மூன்றாம் ஆட்டம்:
கதையெல்லாம் சொல்லப் போவதில்லை, இங்கே எல்லாருக்கும் தெரியும். குரங்கு, எலும்பு, அந்தப் பெரிய கறுப்புக் கல் எல்லாம் ஓரமாக இருக்கட்டும். விண்கலத்தை நடத்துகிற கணினி ஹாலை அணைக்கிற இடத்தைப் பற்றி மட்டும் யாரிடமாவது பேச வேண்டும். விண்வெளி வீரன் டேவ் போமன் அந்தச் சிவப்பு அறைக்குள் மிதந்து போய், ஒரு சின்னச் சாவியால் ஒவ்வொரு கண்ணாடிக் கட்டையாகக் கழற்றுகிறான். வாயே திறப்பதில்லை, ஹெல்மெட்டுக்குள் மூச்சுச் சத்தம்தான். பேசுவது முழுக்க ஹால். முதலில் நைசாகச் சமாதானம், அப்புறம் "பயமாக இருக்கிறது டேவ்", கடைசியில் குரல் இழுத்துக்கொண்டே போய் அந்த டெய்சி பாட்டு. இத்தனைக்கும் அது கொலைகாரன். உறைதூக்கத்தில் கிடந்த 3 பேரைச் சத்தமில்லாமல் முடித்துவிட்டது, நமக்குக் காட்டுவது திரையில் கோடுகள் தட்டையாவதையும் எழுத்து மாறுவதையும்தான். அப்படியிருந்தும் எனக்கு ஹால்மேல்தான் இரக்கம் வருகிறது, மனுஷன்மேல் வரவில்லை. ஏன் என்று பிடிபடவே இல்லை. யாருக்காவது இப்படி இருந்ததா?

கடைசி பெஞ்ச்:
அடிக்க வராதீர்கள். ஹாஸ்டலில் புரொஜெக்டர் போட்டுப் பார்த்தோம். முதல் வசனம் வருவதற்கே 25 நிமிஷம் ஆகிறது, அதற்குள் பாதிப் பேர் குறட்டை. என்னைக் கேட்டால் உலகமகா அறுவை. ஆனால் ஒன்று. நிலாவுக்குப் போகிற விஞ்ஞானி ஃபிளாய்ட் விண்கலத்தில் தூங்கும்போது அவர் பேனா தானாக மிதக்கும், பணிப்பெண் ஒட்டுச் செருப்போடு தத்தித் தத்தி நடந்து வந்து அதைப் பறித்து அவர் சட்டைப்பையில் வைப்பாள். பெரிய கண்ணாடித் தகட்டில் பேனாவை ஒட்டிச் சுற்றவிட்டார்கள், அவ்வளவுதான் விஷயம். தெரிந்துகொண்டு திரும்பப் பார்த்தாலும் அவள் கை கண்ணாடியிலிருந்து பேனாவைப் பிய்ப்பது எனக்குத் தெரியவில்லை. படம் பிடிக்காதவனையும் அந்தப் பேனா விடமாட்டேன் என்கிறது. நியாயமா இது?

பனிக்காலம்:
@மூன்றாம் ஆட்டம், போமன் வாயே திறப்பதில்லை என்பது தப்பு. பாடட்டுமா என்று ஹால் கேட்கும்போது "பாடு ஹால், கேட்கிறேன்" என்கிறான். சாகிற ஒருத்தரிடம் பேசுகிற குரல் அது. நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில் அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். அந்தப் பாட்டும் சும்மா எடுத்ததில்லை. 1961இல் பெல் ஆய்வகத்தில் ஐபிஎம் 704 கணினியைப் பாட வைத்தது அதே பாட்டைத்தான், படக்கதை எழுதியவர்களில் ஒருவரான ஆர்தர் கிளார்க் அதை நேரில் கேட்டவர். கணினி முதன்முதலில் குரலெடுத்துப் பாடிய பாட்டு, போகும்போதும் அதே பாட்டு.

என்னுடையது வேறு. 2018இல் 50ஆம் ஆண்டுக்காக 70 மி.மீ. பிரதி வந்தபோது பார்த்தேன். போமன் ஹெல்மெட் இல்லாமல் கலத்துக்குள் தாவும் இடம். கதவு வெடித்துத் திறக்கிறது, அவன் சுவரில் மோதிப் புரள்கிறான், துளி சத்தம் இல்லை. எனக்கு முன்வரிசையில் ஒருவர் சிப்ஸ் பாக்கெட்டில் கையை விட்டவர் அப்படியே நிறுத்திவிட்டார். எடுத்தாலும் சத்தம், வைத்தாலும் சத்தம். காற்று உள்ளே இரைந்து வந்த பிறகுதான் கையை எடுத்தார். வெற்றிடத்தில் சத்தம் இல்லை என்பது பள்ளிப் பாடம். இப்போது வருகிற படங்களில் விண்வெளியில் எல்லாம் டமால் டுமீல்.

ரீல் பெட்டி:
நான் ஒழுங்காகப் பார்த்தது தாமதமாகத்தான், ஒரு விடுமுறை நாளில் தனியாக. குரங்கு வீசிய அந்த எலும்பு மேலே போய் விண்கலமாக மாறியதும் எழுந்து நின்றுவிட்டேன். அவ்வளவுதான் என் கதை.

யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் கடைசி பெஞ்ச் தம்பிக்கும் புதிதாகப் பார்ப்பவர்களுக்கும் சொல்கிறேன். தொடக்கத்தில் கறுப்புத் திரையில் இசை மட்டும் ஓடும், டிவி ரிப்பேர் இல்லை, ரிமோட்டைத் தொடாதீர்கள். கும்பலாகப் பார்க்காதீர்கள், இந்தப் படத்தில் ஒருவர் "என்னடா இது" என்றால் போச்சு. போனில் பார்க்கவே கூடாது. இடைவேளை வரும்போது நீங்களும் நிஜமாகவே இடைவேளை விடுங்கள், அதற்குத்தான் வைத்திருக்கிறார்கள். முடிவு புரியவில்லை என்று உடனே யூடியூபில் விளக்க வீடியோ தேடாதீர்கள், ஒரு வாரமாவது புரியாமல் இருங்கள். நாவலை அப்புறம் படியுங்கள், முதலிலேயே படித்தால் கிளார்க் எல்லாவற்றையும் விளக்கிவிடுவார், இயக்குநர் குப்ரிக் மறைத்த சுகம் போய்விடும். நாவலில் கலம் போவது சனிக்கு, படத்தில் வியாழனுக்கு. சனியின் வளையங்களை நம்பும்படி செய்ய முடியாமல் மாற்றினார்கள், குழம்ப வேண்டாம். முக்கியமாக, ஸ்பீக்கர் ஒலியைக் கூட்டி வைக்காதீர்கள், நிலாவில் அந்தக் கல் கத்தும்போது பக்கத்து வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டுவார்.

கோணமலையான்:
கிளார்க் பெயர் வந்ததால் எழுதுகிறேன். நான் திருகோணமலை. போர்த்துக்கேயர் இடித்த கோணேசர் கோயிலின் தூண்களைக் கடலுக்கடியில் 1956இல் முக்குளித்துப் பார்த்தவர்கள் மைக் வில்சனும் இந்தக் கிளார்க்கும்தான். கோயில் இருக்கிற சுவாமி மலையில் நின்று அப்பா கீழே தண்ணீரைக் காட்டி இந்தக் கதையைச் சொல்லுவார். பிறகு படம் பார்க்கையில், நிலாக் குழிக்குள் இறங்கிப்போய் ஃபிளாய்ட் கையுறையோடு அந்தக் கல்லை மெல்லத் தடவுகிற இடம் வந்தது. எனக்குக் குழி தெரியவில்லை, கடல்தான் தெரிந்தது. கதைக்கு விதையான சிறுகதை 1951இலேயே அச்சில் வந்துவிட்டது, ஆகவே தொடர்பு கிடையாது, தெரியும். தயவுசெய்து யாரும் திருத்த வராதீர்கள்.

சரக்குக் கப்பல்:
கடைசி பெஞ்ச் தம்பி, அதே ஃபிளாய்ட் விண்வெளி நிலையத்திலிருந்து மகளுக்கு வீடியோ போன் போடுவார், அதைக் கவனித்தீர்களா? அம்மா கடைக்குப் போயிருக்கிறாள். பிறந்தநாளுக்கு வர முடியாது என்கிறார். என்ன வேண்டும் என்றால் டெலிபோன் என்கிறது பிள்ளை. நம்மிடம்தான் நிறைய இருக்கிறதே என்கிறார். அவருக்குப் பின்னால் சன்னலில் பூமி சுற்றிக்கொண்டிருக்கிறது, ஒருதரம்கூடத் திரும்பிப் பார்ப்பதில்லை. கட்டணம் 1.70 டாலர். நான் கப்பலில் வேலை பார்ப்பவன். சிக்னல் கிடைக்கிற துறைமுகத்தில் வீட்டுக்குப் போட்டால் என் மகள் காலை ஆட்டிக்கொண்டு எங்கேயோ பார்த்துப் பேசுவாள், அச்சாக அந்தப் பிள்ளை மாதிரியே. 1968இல் வந்த படம், மனுஷன் இன்னும் நிலாவில் கால்கூட வைக்கவில்லை. ஃபிளாய்ட் ஏறி வந்த விமானக் கம்பெனி பான் ஆம் 1991இல் மூடியே போய்விட்டது, அந்த போன் பேச்சு மட்டும் அப்படியே இருக்கிறது. இதை அறுவை என்கிறீர்கள்.

கடைசி பெஞ்ச்:
அண்ணே, போன் வரும்போது நான் முழித்துத்தான் இருந்தேன், மகள் எனக்கு இல்லை, அதனால் ஒன்றும் தோன்றவில்லை. சரி, அந்த இடத்தை மட்டும் திரும்பப் பார்க்கிறேன். குரங்குகளைப் பார்க்கச் சொல்லாதீர்கள்.

ரீல் பெட்டி:
குரங்குகளை விட்டுவிட்டு எப்படி? அந்தச் சிறுத்தையின் கண் மினுங்குமே, அதற்காகவாவது பாருங்கள்.