445 போர்ட் திறந்தே கிடக்கிறது, மூடலாமா?

வணக்கம் நண்பர்களே. என் விண்டோஸ் கணினியில் எந்தெந்த போர்ட்கள் திறந்திருக்கின்றன என்று காட்டும் நெட்ஸ்டாட் கட்டளையை ஏ, என், ஓ எழுத்துகள் மூன்றையும் சேர்த்து (netstat -ano) ஓட்டிப் பார்த்தேன். 127.0.0.1 என்று வருபவை கணினிக்குள்ளேயே பேசிக்கொள்பவை, விட்டுவிடலாம். ஆனால் கோப்பு, பிரிண்டர் பகிர்வுக்கான 445 போர்ட் 0.0.0.0 முகவரியில், அதாவது கணினியின் எல்லா நெட்வொர்க் முகவரிகளிலும், காத்துக்கொண்டிருக்கிறது. எதிரே பிஐடி (ப்ராசஸின் எண்) 4, அதாவது சிஸ்டமே. டாஸ்க் மேனேஜரில் நிறுத்த வழியில்லை. 2017-இல் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்ட வானாகிரை பரவியது இந்தப் போர்ட் வழியாகத்தானே, அதனால்தான் பயம்.

போதாததற்கு, இன்னொரு கணினியிலிருந்து என்பிடிஸ்டாட் (நெட்வொர்க்கில் உள்ள கணினியின் பெயர் விவரம் கேட்கும் கட்டளை) கொடுத்தால் இதன் பெயர், ஒர்க்குரூப் எல்லாம் பளிச்சென்று வருகிறது! (இரண்டும் என்னுடையவைதான், சந்தேகம் வேண்டாம்.)

இந்தப் பகிர்வு முறையின் பழைய பதிப்பான எஸ்எம்பி 1-ஐ ஏற்கெனவே அணைத்துவிட்டேன். ஃபயர்வாலில் 445-ஐத் தடுத்தால், இதில் பகிர்ந்திருக்கும் பிரிண்டர் மற்ற கணினிக்குக் கிடைக்காமல் போகுமா? அந்த ஒரு ஐபிக்கு மட்டும் அனுமதி கொடுப்பது எப்படி? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.