லூப் லைன்: 'வளையப்பாதை'யா, 'ஒதுங்குதடமா'?

அன்பர்களுக்கு வணக்கம். ரயில்வேச் சொற்களுக்கான நம் தமிழ்ப் பட்டியலில் 'லூப் லைன்' பற்றி வந்த மடலுக்கு இது பதில்.

> லூப் லைன் = வளையப்பாதை. யாருக்கும் மறுப்பு இல்லையென்றால் பட்டியலில் சேர்த்துவிடலாம்.

எனக்கு மறுப்பு உண்டு, ஐயா. மதுரையை அடுத்த கூடல்நகர் நிலையத்தில் லூப் லைனில் சரக்கு ரயில் நிற்பதைப் பார்த்தவர்களுக்கு வளையம் என்ற நினைப்பே வராது. அந்தத் தடம் மெயின் லைனிலிருந்து பிரிந்து, பக்கத்திலேயே நேராக ஓடி, மறுமுனையில் மறுபடி சேர்ந்துகொள்கிறது. விரைவு ரயிலுக்கு வழிவிட்டு ஒதுங்கி நிற்கத்தான் அது. மதுரை – திண்டுக்கல் இரட்டைப் பாதையான பிறகும், பின்னால் வருவது முந்திப்போக அது தேவைப்படுகிறது. வரப்பில் தலைச்சுமையோடு எதிரே ஆள் வந்தால் "கொஞ்சம் ஒதுங்கிக்கங்க" என்கிறோமே, அதே செயல்தான். ஆகவே 'ஒதுங்குதடம்'.

நான் இதில் விடாப்பிடியாக நிற்கக் காரணம் இருக்கிறது. சரக்கு ரயில் எவ்வளவு நீளம் போகலாம் என்பதை நம் நாட்டில் பெரும்பாலும் முடிவு செய்வது இந்தத் தடம்தான். எஞ்சினின் இழுவை, வேகன்களைக் கோக்கும் கப்ளிங் தாங்கும் பலம், கடைசி வேகன் வரை பிரேக் காற்றழுத்தம் மாறப் பிடிக்கும் நேரம் எல்லாமே வரம்புகள்தாம். ஆனால் நடுநடுவே எஞ்சின் கோத்தால் அவற்றை ஓரளவு சமாளிக்கலாம். ஒதுங்க இடம் போதாவிட்டால் என்ன செய்வது? வழக்கமான ஒதுங்குதடத்தில் நிற்கக் கிடைப்பது 686 மீட்டர். நிலக்கரி ஏற்றும் பாக்ஸ்என் வேகன் ஒன்று சுமார் 10.7 மீட்டர், 58 வேகன் என்றால் 621 மீட்டர். எஞ்சினும் கார்டு வண்டியும் சேர்ந்தால் இடம் ஏறக்குறைய தீர்ந்துவிடும். 2022 ஆகஸ்ட் 15 அன்று சத்தீஸ்கரின் கோர்பாவிலிருந்து 295 வேகன்களோடு ஓடிய 'சூப்பர் வாசுகி' ஏறத்தாழ 3.5 கி.மீ. நீளம். அப்படி ஒரு வண்டி வழியில் ஒதுங்கவே முடியாது. மற்ற வண்டிகள்தான் அதற்காக ஒதுங்க வேண்டும்.

இந்த 686 மீட்டருக்கும் பெயர் வேண்டுமல்லவா? 'ஒதுங்குநீளம்' என்று தானாகவே கிடைத்துவிடுகிறது. 'வளையநீளம்' என்றால் சுற்றளவு என்றே மாணவர்கள் எண்ணுவார்கள்.

> 'ஒதுக்குத்தடம்' என்றால் இன்னும் இயல்பாக இருக்காதா?

அம்மா, அதையும் யோசித்தேன். 'ஒதுக்கு' பிறவினை, வேண்டாம் என்று தள்ளிவைத்த தடம் என்ற பொருள் ஒட்டிக்கொள்கிறது. அந்தச் சொல்லுக்கு நம் ஊர்களில் வேறு வலியும் உண்டு. 'ஒதுங்குதடம்' ஊறுகாய் போல வினைத்தொகை, அதனால் வல்லினமும் மிகாது. 'வெளிக்கு ஒதுங்குவது' நினைவுக்கு வரும் என்று ஒருவர் தனிமடலில் எழுதியிருந்தார். மழைக்கும் ஒதுங்குகிறோம், நிழலுக்கும் ஒதுங்குகிறோம். தடத்தோடு சேரும்போது அந்தப் பொருள் தலைகாட்டாது.

ஒன்று மட்டும் எனக்கு இன்னும் பிடிபடவில்லை. ஒதுங்கிய வண்டியின் வால் இதற்குமேல் வெளியே நீண்டால் பக்கத்து லைனில் போகும் வண்டியில் உரசும் என்று காட்ட, இரு தடங்களுக்கு நடுவே ஓர் அடையாளம் வைத்திருப்பார்கள். ரயில்வேக்காரர்கள் 'ஃபவுலிங் மார்க்' என்பார்கள். 'உரசெல்லை' என்று எழுதிப் பார்த்தேன். படிக்கச் சரியாக இருக்கிறது. வாயில் சற்று இடறுகிறது. 'உரசுகுறி' தேவலையா? ரயில்வேயில் வேலை பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

அன்புடன்,
கூடல்நகரிலிருந்து