பத்து மணி நேரம் ஊறியும் வேகாத கொண்டைக்கடலை: கோளாறு எங்கே?

கரண்டிக்காரி:
நேற்று ராத்திரி மானம் போச்சு. ஒரு கப் கொண்டைக்கடலையைக் காலையிலேயே ஊறப்போட்டிருந்தேன். பத்து மணி நேரத்தில் நன்றாகவே பருத்திருந்தது. குக்கர் கேஸ்கட் போய்விட்டதால் சாதாரணப் பாத்திரத்தில் ஏற்றினேன். வெங்காயம், மூன்று தக்காளி, கடலை, தண்ணீர் எல்லாம் ஒன்றாக. கழுவ ஒரு பாத்திரம் குறையுமே என்ற கணக்கு!

இரண்டரை மணி நேரம் கொதித்தது. தக்காளி கரைந்தே போனது, குழம்பு பார்க்க அருமை, கடலை மட்டும் அசையவில்லை. நகத்தால் கிள்ளினால் தோல் உரிகிறது, உள்ளே நறநறவென்று இருக்கிறது. பையன் ஒன்றை வாயில் போட்டுவிட்டு, ஒன்றும் சொல்லாமல் தட்டில் துப்பினான். 'டங்' என்று சத்தம். கடைசியில் குழம்பை மட்டும் ரொட்டியில் தொட்டுச் சாப்பிட்டோம். கோளாறு கடலையிலா, என்னிடமா?

பழைய அடுப்பு:
தக்காளியில். கடலையின் செல்களை ஒட்டவைத்திருப்பது பெக்டின். அது கரைந்தால்தான் கடலை மெத்தென்று ஆகும். புளிப்பு அதைக் கரையவிடாது. கடலை முழுசாக வெந்த பிறகு தக்காளியோ எலுமிச்சையோ சேருங்கள், அப்புறம் எவ்வளவு கொதித்தாலும் பரவாயில்லை. உருளைக்கிழங்கிலும் இதே கதைதான்.

இரண்டாம் கொதி:
ஊறவைக்கும்போதே உப்புப் போட்டுப் பாருங்கள், ஒரு லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி. உப்புப் போட்டால் வேகாது என்று நானும் பல வருஷம் நம்பியிருந்தேன். நடப்பது நேர்மாறு: உப்பிலுள்ள சோடியம், தோலைக் கெட்டியாக வைத்திருக்கும் கால்சியம், மெக்னீசியத்தின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். தோல் இளகும். ஆனால் குழாயில் வரும் 'உப்புத் தண்ணி' வேறு சமாச்சாரம். அதில் கால்சியம் அதிகம் இருந்தால் கடலை இன்னும் முரண்டு பிடிக்கும்.

சிட்டிகை:
சமையல் சோடா ஒரு சிட்டிகை போதும். நான் ஒருமுறை ஒரு டீஸ்பூன் போட்டு, சோப்பு வாசனையோடு ஒரு சட்டி கூழ் செய்தேன்.

இன்னொன்று, இதைப் படிக்கும் ராஜ்மாக்காரர்களுக்கு. சிவப்பு ராஜ்மாவைப் பச்சையாக ஸ்லோ குக்கரில் போடாதீர்கள். அதிலுள்ள லெக்டின் நச்சு மிதமான சூட்டில் அழியாது, அரைவேக்காட்டில் வாந்திதான். ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் குறைந்தது 10 நிமிடம் தளதளவென்று கொதிக்கவிட்ட பிறகுதான் மற்றதெல்லாம். நான் அரை மணி நேரம் விடுவேன்.

கரண்டிக்காரி:
மனசு கேட்கவில்லை. அதே டப்பாவிலிருந்து எண்ணி முப்பது முப்பதாக எடுத்து ஊறவைத்து, மூன்று சின்னப் பாத்திரங்களில் ஏற்றினேன். சோடா போட்டது 40 நிமிடத்தில் விரலுக்கிடையில் நசுங்கிவிட்டது. வெறும் தண்ணீரில் இருந்தது ஒன்றே முக்கால் மணி நேரம் எடுத்தது. தக்காளியில் கிடந்தது அதற்குப் பிறகும் கல் மாதிரியே இருந்ததால் அடுப்பை அணைத்துவிட்டேன்.

ஆனால் வெறும் தண்ணீரில் வெந்த முப்பதிலும் ஏழு கடைசிவரை வேகவில்லை. அப்போதுதான் டப்பாவைக் கவிழ்த்துப் பார்த்தேன். புதுசு வாங்கும்போதெல்லாம் பழசின் மேலேயே கொட்டியிருக்கிறேன். அடியில் கிடந்தது நிறம் மங்கி, சுருங்கி, எந்த வருஷத்துச் சரக்கோ! அதுவும் அடுப்புக்குப் பக்கத்து அலமாரி, எப்போதும் சூடும் ஆவியும். பழைய கடலை அப்படி இருந்தால் எவ்வளவு ஊறினாலும் வேகாதாமே.

ஆகத் தக்காளி பாதிக் குற்றவாளி, மீதி நான். அடிக்கடலையைத் தூக்கிப்போட மனசில்லை. சோடா போட்டு வேகவைத்து, மையாக அரைத்துப் பார்க்கப் போகிறேன். கேஸ்கட் இன்னும் வாங்கவில்லை.