நாலரை வயது மகளுக்கு ஐந்து வாரமாக இருமல், இரவில் வாந்தி வரை போகிறது

கரூர்_அம்மா

மகளுக்கு நாலரை வயது, எடை 15 கிலோ. ஐந்து வாரத்துக்கு முன் சளி, காய்ச்சலோடு ஆரம்பித்தது. காய்ச்சல் மூன்று நாளில் விட்டது, இருமல் மட்டும் விடவில்லை. வறட்டு இருமல். பகலில் ஓடினால், அழுதால் வரும். இரவு இரண்டு மணிக்கு மேல்தான் கடுமை: தொடர்ந்து இருமி, சாப்பிட்டதெல்லாம் வாந்தியாக வந்துவிடுகிறது. இதுவரை மூன்று விதமான சிரப், ஐந்து நாள் ஆன்டிபயாட்டிக் கொடுத்தாயிற்று. நெஞ்சு எக்ஸ்ரே சரியாக இருக்கிறது என்றார்கள். கடைசியாக சால்ப்யூட்டமால் (மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்து) இன்ஹேலரும், அதில் மாட்டி மருந்தை இழுக்கும் மாஸ்க் வைத்த ஸ்பேசர் குழாயும் எழுதிக் கொடுத்தார்கள். பத்து நாளாக அடிக்கிறோம், பெரிய மாற்றம் இல்லை. எடை குறையவில்லை. ஒன்றரை வயது வரைக்குமான தடுப்பூசிகள் எல்லாம் போட்டிருக்கிறது. இவளுடைய அப்பாவுக்குச் சின்ன வயதில் வீசிங் இருந்தது. வீட்டில் ஏழு மாதக் கைக்குழந்தையும் இருக்கிறது. அடுத்து என்ன செய்ய வேண்டும்? இன்ஹேலரை நிறுத்திவிடலாமா?

குழந்தைநலப்_பணி

நிறுத்த வேண்டாம். முதலில் இது எந்த வகை இருமல் என்று பிரிப்போம்.

சாதாரண வைரஸ் சளிக்குப் பிறகு வரும் இருமல் இரண்டு மூன்று வாரம் இழுக்கும். நான்கு வாரத்தைத் தாண்டினால் அது நாள்பட்ட இருமல். அதற்குப் பிறகு "சளிதான், தானாகப் போய்விடும்" என்று விடக் கூடாது, காரணம் தேட வேண்டும். நீங்கள் அந்த இடத்தில்தான் நிற்கிறீர்கள்.

காரணத்தைக் காட்டிக் கொடுப்பது இருமலின் சத்தமும் நேரமும். காலையில் எழுந்ததும் கொழகொழவென்று கோழை கட்டிய ஈர இருமல், நான்கு வாரத்துக்கு மேல், குழந்தை மற்றபடி நன்றாக விளையாடுகிறது என்றால் மூச்சுக்குழாயில் பாக்டீரியா தங்கியிருக்கலாம். அதற்கு அமாக்சிசிலின் கிளாவுலனேட் என்ற ஆன்டிபயாட்டிக்கை இரண்டு வாரம் முழுதாகக் கொடுக்க வேண்டும். ஐந்து நாளில் நிறுத்தினால் திரும்பி வரும். நீங்கள் சொல்வது வறட்டு இருமல், அதனால் இன்னொரு ஆன்டிபயாட்டிக் சுற்றுக்கு இப்போது காரணம் தெரியவில்லை.

நள்ளிரவுக்கு மேல் கடுமை, ஓடினால் அழுதால் இருமல், அப்பாவுக்கு வீசிங். மூன்றும் சேர்ந்தால் ஆஸ்துமா பக்கம்தான் முதலில் பார்க்கத் தோன்றும். வீசிங் சத்தமே இல்லாமல் வெறும் வறட்டு இருமல் மட்டும் இருந்தால் ஆஸ்துமா என்று அவசரப்பட்டு முத்திரை குத்துவதும் தவறு. அதனால் இந்த வயதில் வழக்கம் இதுதான்: மூச்சுக்குழாய் வீக்கத்தைக் குறைக்கத் தினசரி போடும் ஸ்டீராய்டு இன்ஹேலரை 2 முதல் 4 வாரம் ஒழுங்காகக் கொடுத்துப் பார்ப்பது. இருமல் அடங்கினால் நிறுத்திப் பார்ப்பது. நிறுத்தியதும் திரும்பி வந்து, மறுபடி மருந்தில் அடங்கினால் ஆஸ்துமா என்பது வலுக்கும். அடங்கவே இல்லையென்றால் அளவைக் கூட்டிக்கொண்டே போகாமல் மருந்தை நிறுத்திவிட்டு வேறு காரணம் தேட வேண்டும். எக்ஸ்ரே சரியாக இருப்பதை வைத்து ஆஸ்துமா இல்லை என்று சொல்ல முடியாது, அதில் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. ஊதிப் பார்க்கும் பரிசோதனைக்கு இன்னும் ஒன்றிரண்டு வயது ஆக வேண்டும்.

கக்குவான் இருமலை மறந்துவிடக் கூடாது. மூச்சு விடாமல் இருமி, முகம் சிவந்து, கடைசியில் 'ஹூப்' என்று மூச்சை இழுத்து, பிறகு வாந்தி எடுக்கும். இடையிடையே குழந்தை முழு நலமாக இருக்கும். தடுப்பூசியின் பலம் வருடம் போகப் போகக் குறைவதால் ஊசி போட்ட குழந்தைக்கும் வரும். மூக்கின் உட்பகுதியில் எடுக்கும் ஸ்வாப் முதல் மூன்று நான்கு வாரங்களில்தான் பயன்படும். இது பெரியவளைவிட அந்த ஏழு மாதக் குழந்தைக்குத்தான் ஆபத்து. கைக்குழந்தைகளில் 'ஹூப்' சத்தமே வராமல் மூச்சு நின்று, நீலம் பாய்வதே முதல் அடையாளமாக இருக்கலாம். கைக்குழந்தைக்கு இருமல் தொற்றியிருந்தால் நாளை என்று தள்ளாமல் இன்றே காட்டுங்கள்.

காசநோய்: இரண்டு வாரத்துக்கு மேல் இருமலோ காய்ச்சலோ, எடை ஏறாமை, வீட்டிலோ அக்கம்பக்கத்திலோ காசநோயாளி, இவற்றில் ஒன்று இருந்தாலும் பரிசோதித்தே ஆக வேண்டும். சின்னக் குழந்தைகள் சளியைத் துப்பாமல் விழுங்கிவிடுவார்கள். அதனால் காலையில் வெறும் வயிற்றில் இரைப்பை நீர் எடுத்துச் சோதிப்பார்கள். அரசு மருத்துவமனையில் பரிசோதனையும் மருந்தும் இலவசம்.

ஒரு கேள்வி. இருமல் ஆரம்பித்த நாளில் நிலக்கடலை, பட்டாணி, பொரிகடலை எதையாவது சாப்பிடும்போது புரை ஏறியதா? திடீரென்று புரையேறி அதிலிருந்து இருமல் என்றால் மூச்சுக்குழாயில் பருப்பு சிக்கியிருக்கலாம். நிலக்கடலை எக்ஸ்ரேயில் தெரியாது. அப்படி ஒரு சந்தேகம் இருந்தால் எக்ஸ்ரே சரி என்பதோடு நிறுத்தக் கூடாது. பிராங்கோஸ்கோபி, அதாவது மூச்சுக்குழாய்க்குள் கேமரா குழாய் விட்டுத்தான் எடுக்க வேண்டும்.

கரூர்_அம்மா

புரையேறவில்லை, சளியோடுதான் ஆரம்பித்தது. 'ஹூப்' சத்தமும் இல்லை. கைக்குழந்தைக்கு இருமல் இல்லை. இன்ஹேலர் அடிக்கும்போது இவள் அழுது திமிறுகிறாள், அதனால் இரண்டு பஃப்பையும் ஒரேயடியாக அழுத்திவிட்டு மாஸ்க்கைச் சட்டென்று எடுத்துவிடுகிறோம். மாமியார் கற்பூரம் போட்டுக் காய்ச்சிய தேங்காய் எண்ணெயை இரண்டு குழந்தைகளுக்கும் நெஞ்சில் தடவுகிறார்கள். இரவில் கொசுவர்த்தி உண்டு.

மூச்சுப்பயிற்சி_நர்ஸ்

பத்து நாளாக மாற்றம் இல்லாததற்குக் காரணம் இதில் பாதி இருக்கிறது. மருந்து நெஞ்சுக்குள் போகவே இல்லை.

அழும் குழந்தை நீளமாக மூச்சை வெளியே விட்டு, குட்டையாக வேகமாக உள்ளே இழுக்கும். அப்போது மருந்து வாயிலும் தொண்டையிலும் ஒட்டி, வயிற்றுக்குப் போய்விடும். அழும்போது அடித்த பஃப் கணக்கில் சேராது. இரண்டு பஃப்பைச் சேர்த்து அடித்தால் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பெரிதாகி ஸ்பேசர் சுவரில் படிந்துவிடும்.

செய்முறை இப்படி. மூடியைக் கழற்றி, ஊதுவாயில் தூசி இல்லையா என்று பாருங்கள். இன்ஹேலரை நிமிர்த்திப் பிடித்து 5 முறை நன்றாகக் குலுக்குங்கள். புதியது என்றாலோ சில நாள் தொடாமல் கிடந்தாலோ முதல் இரண்டு மூன்று பஃப்பைக் காற்றில் அடித்துவிடுங்கள். குழந்தையை மடியில் உங்கள் நெஞ்சோடு முதுகு சாய்த்து உட்கார வையுங்கள். மாஸ்க் மூக்கையும் வாயையும் சேர்த்து மூடி, கன்னத்தில் இடைவெளி இல்லாமல் பதிய வேண்டும். கொஞ்சம் காற்று ஒழுகினாலும் மருந்து பாதிக்கு மேல் வீண். ஒரு பஃப் அழுத்திவிட்டு மாஸ்க்கை எடுக்காமல் சாதாரணமாக 5, 6 மூச்சு விடச் சொல்லுங்கள். ஸ்பேசரின் வால்வு ஒவ்வொரு மூச்சுக்கும் அசைவதைப் பார்த்து எண்ணலாம். அரை நிமிடம் கழித்து மறுபடி குலுக்கி, அடுத்த பஃப்.

நாலரை வயதில் பல குழந்தைகள் மாஸ்க் இல்லாமல் ஸ்பேசரின் ஊதுவாயையே உதட்டால் இறுக்கிப் பிடிக்கப் பழகிவிடுவார்கள். மாஸ்க்கைக் கழற்றிவிட்டு மருந்தில்லாமல் வெறும் ஸ்பேசரில் நாலைந்து நாள் விளையாட்டாகப் பழக்குங்கள். பொம்மைக்கு அடித்துக் காட்டினால் பயம் போகும். தூங்கும்போது அடிக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். மாஸ்க் பட்டதும் பாதிப் பேர் விழித்து அழுவார்கள், அதனால் நம்ப முடியாது.

ஸ்பேசரை எப்படிக் கழுவுகிறீர்கள்? துணியால் துடைத்தால் பிளாஸ்டிக்கில் நிலைமின்சாரம் ஏறி மருந்தை இழுத்து ஒட்ட வைத்துக்கொள்ளும். வெதுவெதுப்பான நீரில் இரண்டு மூன்று சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் கலந்து 15 நிமிடம் ஊறவிட்டு, மாஸ்க்கையும் ஊதுவாயையும் மட்டும் நல்ல தண்ணீரில் அலசி, துடைக்காமல் நிழலில் காற்றாட உலர்த்துங்கள். புதிதாக வாங்கியதையும் பயன்படுத்தும் முன் இப்படிக் கழுவுங்கள். பிறகு மாதம் ஒருமுறை போதும்.

சால்ப்யூட்டமால் டப்பாவில் பெரும்பாலும் 200 பஃப். அது தீர்ந்த பிறகும் 'புஸ்' என்று வாயு வரும், மருந்து இருக்காது. தண்ணீரில் மிதக்கவிட்டுப் பார்ப்பது தப்பான வழி. வாங்கிய தேதியை டப்பாவின் மேல் எழுதி, அடித்த கணக்கை வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்டீராய்டு இன்ஹேலர் தந்தால் ஒவ்வொரு முறையும் வாய் கொப்புளித்துத் துப்பச் சொல்லுங்கள், மாஸ்க் பட்ட முகத்தைக் கழுவிவிடுங்கள். இல்லாவிட்டால் வாய்க்குள் வெள்ளைப்படலம் பிடிக்கும். ஸ்டீராய்டு இன்ஹேலர் இருமலை நிறுத்த நாளாகும். சால்ப்யூட்டமால் அப்படியில்லை: சரியாக உள்ளே போனால் 15, 20 நிமிடத்தில் தெரியும். அடுத்த முறை இரவில் இருமும்போது இந்த முறையில் கொடுத்துவிட்டு, எத்தனை நிமிடத்தில் அடங்கியது என்று நேரம் குறித்து மருத்துவரிடம் சொல்லுங்கள். அவருக்கு அதுவே பெரிய துப்பு.

பாட்டி_வைத்தியம்_பார்த்து

கற்பூர எண்ணெயை இன்றைக்கே நிறுத்துங்கள். மாமியார் பாசத்தோடுதான் தடவுகிறார், ஆனால் கற்பூரம் குழந்தைகளுக்கு நஞ்சு. தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் உடலில் ஏறும். கொஞ்சம் வாயில் போனாலே வலிப்பு வரலாம். கைக்குழந்தையின் பக்கத்திலேயே கொண்டுபோகாதீர்கள். மூக்கில் எண்ணெய் விடுவதும் கூடாது, அது நுரையீரலுக்குள் இறங்கித் தனியாக ஒரு நிமோனியாவை உண்டாக்கும். சாம்பிராணிப் புகை, கொசுவர்த்தி, ஊதுபத்தி மூன்றும் இருமும் குழந்தை இருக்கும் அறைக்கு ஆகாது. கொசுவலை கட்டுங்கள். ஆவி பிடிக்க வைக்க வேண்டாம். கொதிநீர் கொட்டிக் குழந்தைகள் வெந்துபோவதுதான் மிச்சம்.

தேன் பெரியவளுக்குக் கொடுக்கலாம்: படுக்கும் முன் அரை ஸ்பூன், 2.5 மி.லி. இளஞ்சூட்டு வெந்நீரில் கலக்கலாம். பிறகு பல் துலக்கிவிடுங்கள். ஏழு மாதக் குழந்தைக்கு ஒரு துளிகூடக் கூடாது, நாக்கில் தடவவும் கூடாது. தேனில் இருக்கும் ஒரு கிருமி ஒரு வயதுக்கு உட்பட்டவர்களின் குடலில் வளர்ந்து நரம்பைத் தளர்த்திவிடும். கற்பூரவல்லிச் சாறானாலும் துளசிச் சாறானாலும் தேன் குழைத்தது என்றால் இதே விதிதான்.

மருந்துக்கடை_பார்மசிஸ்ட்

மூன்று சிரப் என்று எழுதியிருக்கிறீர்கள். மூன்று அட்டையையும் எடுத்து உள்ளடக்கத்தைப் படியுங்கள். பெயர் வேறாக இருக்கும், மருந்து ஒன்றாக இருக்கும். சளி சிரப்பில் பாராசிட்டமால் கலந்திருந்து, காய்ச்சலுக்கென்று தனியாகவும் பாராசிட்டமால் கொடுத்தால் இரட்டை அளவு. ஒரு வேளைக்கு கிலோவுக்கு 15 மில்லிகிராம், அதாவது 15 கிலோவுக்கு 225 மில்லிகிராம் மேல் எல்லை. பாராசிட்டமால் சிரப் 5 மி.லி.க்கு 125 என்றும் 250 என்றும் இரண்டு பலத்தில் வருகிறது. கைக்குழந்தைக்கான சொட்டு மருந்தில் 1 மி.லி.யிலேயே 100 மில்லிகிராம். பாட்டில் மாறினால் நான்கு மடங்கு போய்விடும். சமையல் ஸ்பூன் வேண்டாம், மி.லி. கோடு போட்ட சிரிஞ்சில் அளந்து கொடுங்கள்.

இருமலை அடக்கும் சிரப்புகள் குழந்தைகளுக்குப் பெரிய பயன் தருவதில்லை. அவற்றில் சேரும் ஒவ்வாமை மருந்தான குளோர்பெனிரமின் தூங்க வைக்கும், சளியைக் கெட்டியாக்கும். மூச்சிரைப்புக்கான மருந்தைச் சிரப்பாகக் கொடுப்பதும் எனக்கு உடன்பாடில்லை: ஒரு பஃப் சால்ப்யூட்டமால் 100 மைக்ரோகிராம், வாய்வழி ஒரு வேளைக்கு 1,000 முதல் 2,000 மைக்ரோகிராம். கை நடுக்கம், படபடப்புதான் மிச்சம். மான்டெலுகாஸ்ட் என்ற ஆஸ்துமா, ஒவ்வாமை மருந்து சேர்ந்த சிரப் இருக்கிறதா என்றும் பாருங்கள். சில குழந்தைகளுக்கு அதனால் கெட்ட கனவு, எரிச்சல், தூக்கக் குலைவு வரும். 2020-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இதற்காகவே கட்டமிட்ட எச்சரிக்கை போட வைத்தது. அதைத் தொடங்கிய பிறகு குழந்தையின் சுபாவம் மாறினால் மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

2025 செப்டம்பர், அக்டோபரில் நடந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில் 20-க்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். அவர்கள் குடித்த, நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான சளி சிரப்பில் 48.6 சதவீதம் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு இரசாயனம் இருந்தது. அனுமதிக்கப்பட்ட வரம்பு 0.1 சதவீதம். இரண்டு வயதுக்குட்பட்டவர்களுக்கு இருமல், சளி மருந்து எழுதக் கூடாது, ஐந்து வயதுக்குட்பட்டவர்களுக்கும் பொதுவாக வேண்டாம் என்று மத்திய சுகாதாரச் சேவைகள் இயக்ககம் அப்போது அறிவுறுத்தியது. எந்தச் சிரப் குடித்த பிறகும் வாந்தியோடு சிறுநீர் குறைந்தால் பாட்டிலையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

கரூர்_அம்மா

மூன்றில் இரண்டு சிரப்பில் குளோர்பெனிரமின் இருக்கிறது. நிறுத்திவிட்டேன். இரவில் எப்போது மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும்? வாந்தி எடுத்தால் மறுபடி சாப்பாடு கொடுக்கலாமா? அடுத்த ஆறு மாதத்தில் ஐந்து வயது ஊசி இருக்கிறது, இருமலோடு போடலாமா?

குழந்தைநலப்_பணி

இருமல் அடங்கி, அழாமல் இருக்கும்போது சட்டையைத் தூக்கி வயிறு ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்காதீர்கள், பிழை வரும். ஒன்றிலிருந்து ஐந்து வயது வரை நிமிடத்துக்கு 40 அல்லது அதற்கு மேல் என்றால் வேகமான மூச்சு. உங்கள் ஏழு மாதக் குழந்தைக்கு அந்த எல்லை 50. மூச்சு இழுக்கும்போது விலா எலும்புக்குக் கீழே குழி விழுவது, உதடு நீலமாவது, ஒரு வாக்கியம் பேச முடியாமல் திணறுவது, துவண்டு கிடப்பது, தண்ணீர்கூட இறங்காதது, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் 108. வண்டி வரும்வரை நிமிர்த்தி உட்கார வைத்து, ஸ்பேசரில் சால்ப்யூட்டமால் ஒவ்வொன்றாக 4 பஃப். 20 நிமிடத்தில் அடங்காவிட்டால் மறுபடி அதே அளவு. உங்கள் மருத்துவரிடம் இந்த அவசர அளவை இப்போதே தாளில் எழுதி வாங்கி, ஸ்பேசர் பெட்டியிலேயே வைத்துவிடுங்கள்.

இருமலால் வரும் வாந்தி பெரும்பாலும் தொண்டை ஓங்கரிப்புதான், வயிற்றுக் கோளாறில்லை. இரவுச் சாப்பாட்டைப் படுப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்பே முடித்துவிடுங்கள். படுக்கும் நேரத்தில் வயிறு நிறையப் பால் வேண்டாம். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் விட்டு, இரண்டு மூன்று வாய் தண்ணீர். நின்றால் கொஞ்சம் இட்லியோ கஞ்சியோ. மூக்கடைப்பு இருந்தால் படுக்கும் முன் 0.65 சதவீத உப்புநீர் சொட்டு, ஒவ்வொரு மூக்கிலும் இரண்டு.

தலையணை உறை, படுக்கை விரிப்பை வாரம் ஒருமுறை நல்ல சூடான நீரில் துவையுங்கள். பஞ்சு மெத்தையை வெயிலில் போட்டு, உள்ளே கொண்டுவரும் முன் வெளியிலேயே தட்டிவிடுங்கள். சுவர் ஈரம் பூத்துப் பூஞ்சை பிடித்திருந்தால் கட்டிலை அந்தச் சுவரிலிருந்து தள்ளிப் போடுங்கள்.

இரண்டு வாரம் ஒரு நோட்டில் எழுதுங்கள்: இரவு எத்தனை முறை எழுந்தாள், மணி என்ன, வறட்டா ஈரமா, எத்தனை பஃப், எத்தனை நிமிடத்தில் அடங்கியது. ஒரு கடுமையான இருமலை மொபைலில் ஒலியோடு வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். பகலில் மருத்துவர் முன்னால் அவள் இருமவே மாட்டாள். தூங்கியதும் இருமல் முற்றிலும் நின்றுவிட்டது என்று நோட்டு காட்டினால் அது வேறு கதை, பழக்கத்தால் வரும் இருமல். அதற்கு இன்ஹேலர் வேண்டாம்.

ஊசியைத் தள்ளிப்போடத் தேவையில்லை. இருமலோ சளியோ தடையில்லை, கடுமையான காய்ச்சல் அடிக்கிற நாளில் மட்டும் ஒத்திவைத்தால் போதும். டிபிடி (தொண்டை அடைப்பான், கக்குவான், இரண ஜன்னி) பூஸ்டர் ஊசி 5 முதல் 6 வயதுக்குள். கைக்குழந்தைக்கு 6, 10, 14 வாரப் பென்டாவேலன்ட் (கக்குவான் உட்பட ஐந்து நோய்களுக்கான தடுப்பூசி) மூன்றும் அட்டையில் பதிவாகியிருக்கிறதா என்று இன்றே பாருங்கள். ஒன்று விட்டிருந்தாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டாம், விட்ட இடத்திலிருந்து போட்டுக்கொள்ளலாம்.