ரப்லெட்டில எழுதிறான், தெறி பூட்டத் தெரியேல்லை: உங்கட அனுபவம் என்ன?

முறிகண்டிப் பக்கம்
நாலரை வயதுப் பெடியன். எழுத்து விளையாட்டில 'அ'வைச் சுழிச்சு முடிக்க நட்சத்திரம் கொட்டுது. வெளிக்கிடேக்க சட்டைத் தெறியைப் பூட்டச் சொன்னா, ரெண்டு கையையும் விரிச்சுக்கொண்டு நிக்கிறான். அந்த நிலைதான் இன்னும் கண்ணுக்க நிக்குது. திரையில சுட்டுவிரல் மட்டும் வழுக்கும். பெருவிரல் எதிர்ப்பக்கம் நிண்டு நெரிக்கிற வேலை இல்லை. தெறிக்கு ஒரு கை துளையை இழுத்துப் பிடிக்க, மற்றக் கை தள்ளவேணும்.

முன்பள்ளி ரீச்சர், கண்டாவளை
ரப்லெட்டில பழியைப் போடாதேங்கோ. விரலால எழுத விட்டா அப்பிடித்தான். 6 சென்ரிமீற்றர் நீளத்துக்குள்ள, திரையில எழுதுற கட்டைப் பேனை (ஸ்டைலஸ்) குடுங்கோ. நீளமெண்டா பிள்ளை பொத்திப் பிடிக்கும், கட்டையெண்டா மூண்டு விரலுக்கு மட்டுந்தான் இடம். ரப்லெட்டை மேசையில படுக்க வையாமல் சரிச்சு நிறுத்தினா மணிக்கட்டு தானா மேல வளையும்.

தெறிக்கு: பழைய ஜீன்ஸ் துணி, 2.5 சென்ரிமீற்றர் தெறி, துளை அதைவிட 3 மில்லிமீற்றர் கூட. விளிம்பைத் தைக்காட்டி நூல் பிரிஞ்சு சிக்கும். முதல் நீங்கள் பாதி தள்ளிவிடுங்கோ, பிள்ளை மற்றப் பக்கத்தால இழுக்கட்டும். அது பழகினாப் பிறகுதான் முழுசாச் செய்யவிடுறது. மேசையில சரிவந்தவன் தன்ர சட்டையில திரும்பத் தடுமாறுவான். அங்க பார்க்கிற பக்கம் மாறுது.

இன்னுமொண்டு, ஆரும் கேக்கேல்லை எண்டாலும் சொல்லுறன். பல்லாங்குழியில 14 குழி, குழிக்கு 5 எண்டா 70 புளியங்கொட்டை. அஞ்சையும் உள்ளங்கையில பொத்தி, ஒவ்வொண்டா விரல் நுனிக்கு உருட்டி விடுறதிலதான் வேலை இருக்கு. மோதிரவிரலும் சின்னவிரலும் மிச்சத்தைப் பிடிச்சுக்கொண்டிருக்கும்; பென்சில் பிடிக்கேக்கயும் அதே ரெண்டுந்தான் மடிஞ்சு நிக்கும். தொடக்கத்தில ரெண்டு கொட்டை போதும். அஞ்சைத் திணிச்சா மற்றக் கையால எடுத்துப் போடப் பழகீடும், பிறகு மாத்திறது கஷ்டம்.

மாங்குளம்
ரீச்சர், கொட்டை சரி. போன கிழமை ஒரு வீட்டில புளியங்கொட்டைக்குப் பதிலாக் குன்றிமணி கிடந்துது! கறுப்பு முனையுள்ள சிவப்பு விதை நஞ்சு. கடிச்சு உடைச்சா ஆபத்து. முழுச்சிவப்பு மஞ்சாடியோட மாறிப்போகும். மூண்டு வயசுக்குக் கீழ எந்தக் கொட்டையும் வேண்டாம், தொண்டையில சிக்கும்.

அதே வீட்டில பேசுற எழுத்துப் பலகை ஒண்டு. பின்மூடிக்குத் திருகாணி இல்லை, நிலத்தில தட்ட வில்லைப் பற்றரி உருண்டு வந்துது. 20 மில்லிமீற்றர், 3 வோல்ற். விழுங்கி உணவுக்குழாயில நிண்டா ரெண்டு மணித்தியாலத்துக்குள்ள சுட்டுப்போடும். சத்தி எடுக்கப்பண்ண வேண்டாம், நேர ஆஸ்பத்திரிதான். பலகையும் தட்டினாக் கதைக்கிறது மட்டும், விரலுக்கு ஒரு வேலையும் இல்லை.

முறிகண்டிப் பக்கம்
ஜீன்ஸ் கிடக்கு. துளைக்கு விளிம்பு கையால தைச்சாக் காணுமோ, மெசின் வேணுமோ?